வாசல் வரை வந்த மருந்து

மலைச் சுவாச நல ஆணையம் என்று ஒன்று தொடங்கப்படும்வரை சாந்தாமேரிக்கு மருந்து கிடைப்பதில் பெரிய சிரமம் எதுவும் இருக்கவில்லை.

வாழவந்தியில் அவளுக்கு இரண்டு அறை ஓட்டு வீடு. கணவர் சூசைமாணிக்கம் எஸ்டேட்டில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சாந்தாமேரி இருபத்தேழு வருடம் ஒரு பள்ளி விடுதியில் சமையல் செய்தவள். மழைக்காலத்தில் ஈரச் சில்வர் ஓக் விறகைத்தான் கொண்டுவந்து போடுவார்கள். அது எரியாது, புகையும். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வெந்து இறங்கும்வரை அந்தப் புகைக்குள் நிற்க வேண்டும். வேலையை விட்டு நின்றபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு சுவர்க்கடிகாரமும் விசில் அடிக்கும் நெஞ்சும். நுரையீரலின் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன, இனி ஆயுளுக்கும் இன்ஹேலர் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் இரண்டு இழுப்பு, மாலையில் இரண்டு. ஒரு இன்ஹேலரில் நூற்றிருபது இழுப்பு இருக்கும். மாதம் ஒன்று போதும்.

அந்த ஒன்றை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஜெயகுமாரி கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். ஜெயகுமாரி கிராம நர்ஸ். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஸ்கூட்டரில் வருகிறவள், வரும்போது பைக்குள் சாந்தாமேரியின் இன்ஹேலரையும் போட்டுக்கொண்டு வருவாள். இதற்கு எந்த உத்தரவும் கிடையாது. எந்தக் கூட்டமும் நடக்கவில்லை. நான்கு வருடமாக அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மலைக்கிராமங்களில் நுரையீரல் நோயாளிகள் மருந்துக்காக மூச்சு வாங்க வாங்க அலைகிறார்கள் என்ற உண்மை எங்கோ ஒரு மேசைக்குத் தெரியவந்தது. அது உண்மைதான். எல்லா ஊருக்கும் ஒரு ஜெயகுமாரி வாய்க்கவில்லை. ஆகவே ஆணையம் பிறந்தது. ‘வாசலில் சுவாசம்’ என்று ஒரு திட்டம் பிறந்தது. இனி நோயாளி மருந்தைத் தேடி வர வேண்டாம், மருந்தே நோயாளியைத் தேடி வரும் என்று பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டினார்கள். திட்டத்தில் சேர விரும்புகிறவர்கள் ஏற்காடு அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும் என்று அதே பேனரின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

அலுவலகம் கடைவீதியில் ஒரு பழைய லாட்ஜின் இரண்டாவது மாடியில் இருந்தது. முப்பத்துநான்கு படி. சாந்தாமேரி நான்கு இடத்தில் நின்று ஏறினாள். மூன்றாவது இடத்தில் ஏற்கெனவே ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கிளியூர்க்காரர், பெயர் சின்னன், கொஞ்சம் மிளகும் சாமையும் போடுகிற விவசாயி. இரண்டு பேருக்கும் பேச மூச்சில்லாததால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். அலுவலகத்தை ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று பிறகு கேட்டபோது, மேலே இருந்தால்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பதில் வந்தது.

பதில் சொன்னவன் ரொனால்ட். திட்ட ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அட்டை தொங்க, முகத்தில் எப்போதும் ஒரு மன்னிப்புத் தொங்க உட்கார்ந்திருக்கும் நல்ல பையன். சாந்தாமேரிக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான், பதினொரு பக்கப் படிவத்தை அவனே நிரப்பினான். ஏழாம் பக்கத்தில் அவன் கை நின்றது. ‘பயனாளியால் நேரில் வர இயலுமா?’ என்பது கேள்வி. ரொனால்ட் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ‘ஆம்’ என்று குறித்தான்.

நேரில் வர முடிந்தவர்களுக்கு வீட்டுக்கு மருந்து அனுப்ப விதி இல்லை என்று அவன் வருத்தத்தோடு விளக்கினான். வரச் சொன்னதால்தானே வந்தேன் என்றாள் அவள். அது சரிதான் என்று அவனும் ஒப்புக்கொண்டான். வர முடியாதவர்கள் அதை எப்படித்தான் நிரூபிப்பது என்று கேட்டாள். அவர்கள் நேரில் வந்து மனு கொடுக்கலாம் என்றான். அப்படி யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று சின்னன் பின்னாலிருந்து கேட்டார். இதுவரை தகுதியான ஒருவரும் வரவில்லை என்று ரொனால்ட் சொன்னான்.

சாந்தாமேரி முப்பத்துநான்கு படியும் இறங்கிப் போனாள்.

ஆனால் அடுத்த வாரமே அவள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. திட்டத்தைத் தொடங்கி வைக்க ஏரிக்கரை மண்டபத்தில் விழா ஏற்பாடாகியிருந்தது. விழாவுக்கு நாற்பது பயனாளிகள் தேவைப்பட்டார்கள். ஏழாம் பக்கத்தைக் காலியாக விடும்படி ஆணையத்தின் இயக்குநர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். விழாவன்று காலையில் ஒரு ஜீப் வழி கேட்காமல், யாரையும் நிறுத்தாமல் நேராக சாந்தாமேரியின் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தது.

மேடையில் ஆளுயரத்துக்கு ஓர் அட்டை இன்ஹேலர் நிறுத்தியிருந்தார்கள். பயனாளிகள் சார்பில் சாந்தாமேரியை ஏற்றி, கையில் நிஜமான இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். அவள் தலையை நிமிர்த்தி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஜெயகுமாரி சொல்லிக் கொடுத்தபடி அழுத்தி இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. காலி டப்பா. புகைப்படக்காரர் வெளிச்சம் சரியில்லை என்றார். மறுபடி இழுத்தாள். இயக்குநரின் முகம் மறைகிறது என்றார்கள். மூன்றாம் முறை இழுத்தபோது அவளுக்கு உண்மையிலேயே இரைக்கத் தொடங்கியது. அந்தப் படம்தான் நன்றாக வந்தது. பிறகு டப்பாவை வாங்கித் துடைத்து, அடுத்த மலை விழாவுக்கு என்று எழுதிய உறைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

அவள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த சின்னன் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்கம்மா, உள்ள மருந்து இருந்துச்சுங்களா?”

“இல்லீங்க.”

“நானும் அப்படித்தான் நெனச்சனுங்க.”

இயக்குநர் பேச எழுந்தார். உருக்கமாகப் பேசக்கூடியவர்.

“எனக்கும் இதே நோய்தான்,” என்று தொடங்கினார். “நானும் தினமும் இன்ஹேலர் இழுப்பவன். ஆனால் ஒரு நாள்கூட நான் மருந்துக்காக வரிசையில் நின்றதில்லை. என் டிரைவர் போவார், வாங்கி வருவார், என் மேசையில் வைப்பார். ஒரு நாள் யோசித்தேன். எனக்குக் கிடைக்கிற இந்த வசதி இந்த மலை மக்களுக்குக் கிடைக்க வேண்டாமா? ஆளுக்கு ஒரு டிரைவர் கொடுக்க முடியாது. அதனால்தான் உங்களுக்கு ஓர் ஆணையம் கொடுத்திருக்கிறோம்.”

கைதட்டினார்கள். அவர் கையமர்த்தினார்.

“இதற்காகப் பதினான்கு கூட்டம் நடத்தினோம். ஒரு கூட்டத்துக்குக்கூட நோயாளிகளை அலைய விடவில்லை. ஒருவரையும் கூப்பிடவே இல்லை. அந்த அளவுக்கு உங்கள் சிரமம் எங்களுக்குத் தெரியும்.”

விழா முடிந்ததும் ரொனால்ட் நாற்பது பேரிடமும் போய், இருந்த இடத்திலேயே கைபேசியில் அவர்கள் இருப்பிடத்தைப் பதிவு செய்துகொண்டான். பிறகு எல்லோருக்கும் ஆளுக்கொரு டிபன் பொட்டலம் கொடுத்தார்கள். திரும்பிப் போக ஜீப் இல்லை. பஸ்ஸில் போனார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஜெயகுமாரி வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உடனே உள்ளே வராமல் தடுப்பூசிப் பெட்டியின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அனுமதியின்றி மருந்துப் பொருளை இடம் பெயர்த்த குற்றத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான்கு வருடத்தில் நாற்பத்தெட்டு முறை என்று அவளே உண்மையை எழுதிக் கொடுத்திருந்தாள். இனி மலையில் உள்ள எல்லா இன்ஹேலரும் ஆணையம் வழியாக மட்டும்தான்.

“காலைல கெளம்பறப்ப பையத் தெறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்கக்கா. சாயங்காலம் ஊட்டுக்குப் போறப்பவும் அனுப்போணும்,” என்றாள்.

“உடு கண்ணு. உனக்கெதுக்கு வம்பு. அதான் ஊட்டுக்கே கொண்டாந்து தரம்னு சொல்லியிருக்கறாங்கல்ல,” என்றாள் சாந்தாமேரி.

ஜெயகுமாரி அவள் இன்ஹேலரை வாங்கிப் பின்பக்கத்து எண்ணைப் பார்த்தாள். எட்டு என்று காட்டியது. இரண்டு நாளைக்கு வரும். தன் பொறுப்பில் மிஞ்சியிருந்த பழைய இருப்பில் ஒன்றே ஒன்று, பாதி தீர்ந்தது, சுகாதார நிலையத்தில் செய்முறை காட்ட வைத்திருந்தது, அதை மறுநாள் கையில் மூடிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். பையில் போடவில்லை.

சாந்தாமேரி நாளுக்கு நான்கை இரண்டாகக் குறைத்தாள்.

ஆணையத்தின் மருந்து புறப்படாமல் இல்லை. வெங்கடேஷ் என்பவன் பைக்கின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு மலை முழுக்க மருந்து கொண்டுபோகிற வேலையில் சேர்ந்திருந்தான். முதல் முறை அவன் கைபேசி சாந்தாமேரியின் வீடு ஏரிக்கரையில் இருப்பதாகக் காட்டியது. சின்னன் வீடும் அங்கேயே இருந்தது. நாற்பது வீடும் அங்கேயே இருந்தன. ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்கள் மட்டும் சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். ‘பயனாளி முகவரியில் இல்லை’ என்று பதிவு செய்து நாற்பது பெட்டியையும் திருப்பிக் கொண்டுபோனான்.

ரொனால்ட் அரும்பாடுபட்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்து முகவரிகளைத் திருத்தினான். இரண்டாம் முறை வெங்கடேஷ் வாழவந்திக்கே வந்துவிட்டான். ஆகஸ்ட் மாதம். பனிமூட்டம் கீழிறங்கியிருந்தது, வாசலில் நின்ற பைக்கின் முகப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அவன் பெட்டியை எடுத்துக் காட்டினான். சாந்தாமேரி, வாழவந்தி என்று அச்சிட்டு ஒட்டியிருந்தது. இனி ரகசிய எண் ஒன்று அவள் போனுக்கு வரும், அதைச் சொன்னால் போதும் என்றான்.

அந்த வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் கிடைக்கும். எண் மூன்று நிமிடத்தில் காலாவதியாகிவிடும். சூசைமாணிக்கம் மனைவியின் போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். எண் வந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கத்தினார். ஏழு, ரெண்டு, மறுபடி ரெண்டு என்று அவர் சொன்னது பாதி ஊருக்குக் கேட்டது. வெங்கடேஷ் கீழே நின்று அதைச் சரியாக அழுத்தினான். இப்போது அவன் போனில் சிக்னல் இல்லை. அவனும் மேட்டுக்கு ஓடிப்போய் அழுத்தினான். அங்கே சிக்னல் இருந்தது, ஆனால் அது பயனாளியின் வாசல் இல்லை என்று போன் மறுத்துவிட்டது. சாந்தாமேரியைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று சூசைமாணிக்கம் கேட்டார். ஆள் வரலாம், வாசல் வராதே என்றான் வெங்கடேஷ்.

நான்கு முறை முயன்று பார்த்தார்கள். பெட்டி அவள் மடிமேல் இருந்தது. உள்ளே மருந்து குலுங்குவதுகூட அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் வெங்கடேஷ் அவள் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டான். திருப்பிக் கொண்டுபோகக் காரணமும், அதற்கு ஒரு படமும் வேண்டும். போனில் இருந்த காரணங்களில் இதற்குப் பொருந்துவது ஒன்றும் இல்லை. ‘கதவு பூட்டியிருந்தது’ என்பதுதான் கிட்டத்தட்ட வந்தது.

“ஒரே நிமிசம் உள்ளார போயிக் கதவைச் சாத்திக்கறீங்களாங்கம்மா? இல்லீனா என் வேலைக்கு ஆபத்து வந்துருமுங்க.”

சாந்தாமேரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருட்டில் சுவரோரம் நின்று அவன் படம் எடுக்கும் சத்தத்தையும், பிறகு பைக் வளைவு திரும்பிப் போகும் சத்தத்தையும் கேட்டாள். வெளியே நின்ற சூசைமாணிக்கம் வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் தட்டினார்.

அந்த வாரக் கடைசியில் இன்ஹேலரின் எண் பூஜ்யத்துக்கு வந்தது. மூன்றாம் முறையும் மருந்து திரும்பினால் அவளை ‘மருந்து தேவைப்படாதவர்’ என்று கணக்கெடுத்துப் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று ஒரு குறுஞ்செய்தி தண்ணீர்த் தொட்டி அருகே வந்து சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் அவளும் சூசைமாணிக்கமும் பஸ் ஏறினார்கள்.

அன்று முப்பத்துநான்கு படி ஏற முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி ஐந்து படியைச் சூசைமாணிக்கம் அவளைப் பின்னாலிருந்து தாங்கித் தள்ளித்தான் ஏற்றினார். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே வந்து பெஞ்சில் சரிந்ததும் அவள் கண்ணில் பட்டது ரொனால்டின் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரி. திரும்பி வந்த பெட்டிகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டாவது தட்டில் மூன்றாவது பெட்டியில் அவள் பெயர் இருந்தது.

கை நீட்டினால் எட்டும் தூரம். சூசைமாணிக்கம் அதைக் காட்டினார். அதைத் தரும்படி கேட்டார். வாழ்க்கையில் யாரையும் கும்பிட்டுக் கேட்காதவர் அன்று கும்பிட்டுக் கேட்டார்.

ரொனால்ட் எழுந்துவிட்டான். அவன் கை அலமாரிப் பக்கம் போய், பாதியில் நின்றது. அந்த மருந்து வாசலில் மட்டுமே கொடுக்கத்தக்கது. அலுவலகத்தில் கொடுத்தால் இருப்புக் கணக்கு இடிக்கும், கணினி மறுநாளே சேலத்துத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும், இதே தவறுக்குப் பக்கத்து மலையில் ஒருவனுக்கு வேலை போயிருக்கிறது என்று அவன் சொன்னான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். கொண்டை ஊசி வளைவில் லாரி நின்றுவிட்டதால் நாற்பது நிமிடமாகும் என்றார்கள். அவன் சாந்தாமேரியின் முன்னால் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரக் கொஞ்ச நேரமாகும், அதுவரை மெதுவாகக் கீழே இறங்கி நிற்க முடியுமா என்று கேட்டான்.

சாந்தாமேரி தலையை ஆட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

“முடியாது சாமி. எங்கயும்… போவ முடியாது. நான்… இங்கயே… இருந்துக்கறேன்.”

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. செத்தாலும் இங்கேயே என்ற பொருளில்தான் சொன்னாள். ஆனால் ரொனால்டின் முகத்தில் முதல்முறையாக மன்னிப்பு மறைந்து வேறொன்று வந்தது.

“இங்கயே இருக்கப்போறீங்களா? அப்ப இது முகவரி மாற்றமுங்களாம்மா?”

அவளுக்குப் புரியவில்லை. சூசைமாணிக்கத்துக்கும் புரியவில்லை. ஓரத்தில் நின்றிருந்த வெங்கடேஷுக்குத்தான் புரிந்தது. அவன் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினான். ரொனால்ட் தட்டச்சு செய்தான். பெயர், சாந்தாமேரி. வீடு, வாசலில் சுவாசம் திட்ட அலுவலகம், இரண்டாவது மாடி, கடைவீதி, ஏற்காடு. அங்கே சிக்னல் பிரமாதமாக இருந்ததால் மாற்றம் அந்த நொடியே ஏற்கப்பட்டது. தெருவில் ‘புறப்பட்ட இடம்’ என்று படமெடுத்துக்கொண்டு வெங்கடேஷ் மேலே ஓடி வந்தான். திறந்திருந்த கதவைத் தட்டினான். ஏனுங்க, சாந்தாமேரி ஊடு இதுதானுங்களா என்று கேட்டான். விதிப்படி கேட்டாக வேண்டும். ஆமாம் என்று சூசைமாணிக்கம் சொன்னார். ரகசிய எண் சட்டென்று வந்தது.

பெட்டியைப் பிரித்து, குலுக்கி, சூசைமாணிக்கமே அவள் வாயில் வைத்து அழுத்தினார். ஒன்று, இரண்டு, சற்றுப் பொறுத்து மூன்று, நான்கு. கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோள் இறங்கியது. விசில் மெலிந்தது. அவளுக்குக் கோபமும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. புது வீட்டின் பெஞ்சிலேயே சாய்ந்து அரை மணி நேரம் தூங்கினாள்.

விஷயம் மலை முழுக்கப் பரவ ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அடுத்தவர் சின்னன். கிளியூரைக் காலி செய்துவிட்டு அவரும் லாட்ஜ் மாடிக்குக் குடிவந்தார், காகிதத்தில். டிசம்பருக்குள் திட்டத்தில் பதிவாகியிருந்த இருநூற்றுப் பதினான்கு நோயாளிகளும் அங்கே குடியேறிவிட்டார்கள். மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து, படி ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து தத்தம் வீட்டில் மருந்து பெற்றுக்கொண்டு திரும்பினார்கள். வெங்கடேஷ் நாள் முழுக்கப் படியில் ஏறி இறங்கியதில் அவனுக்கே இரைக்கத் தொடங்கியது.

நூற்றுக்கு நூறு வீட்டு விநியோகம் என்று ஆணையத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கேடயத்தை வாங்கிக்கொண்டு இயக்குநர், நாங்கள் மக்களை நோக்கிப் போனோம், மக்களும் எங்களை நோக்கிக் குடிவந்துவிட்டார்கள் என்று பேசியதாகச் செய்தித்தாளில் வந்தது. ஜனவரியில் வேறொரு துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருநூற்றுப் பதினான்கு நுரையீரல் நோயாளிகள் நெருக்கியடித்து வாழ்வது சுகாதாரத்துக்குப் பெரும் கேடு என்று அறிக்கை எழுதி, மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க உத்தரவிட்டார்கள். ஜன்னல் வைத்தார்கள். ஆணையத்தால் அந்த மலைக்குக் கிடைத்ததில் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஜன்னல்தான்.

பிப்ரவரியில் திட்டத்தின் பயனை அளக்கக் கவிப்பிரியா என்ற பெண் ஒரு டேப்லெட்டோடு வந்தாள். படித்த பெண், தன்மையானவள். அப்போதுதான் படி ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்த சாந்தாமேரியின் அருகே அமர்ந்து ஒரே கேள்விதான் என்றாள்.

“மருந்து உங்க வீட்டுக்கே வர்றது வசதியா இருக்குதாங்கம்மா? ஆமா, இல்லைன்னு சொன்னாப் போதும். இல்லைன்னா மட்டும் காரணம் சொல்லணும்.”

சாந்தாமேரி அவளைப் பார்த்தாள். காரணம் அவளிடம் இருந்தது. ஈர விறகிலிருந்து தொடங்கி, சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றது வரை, வரிசையாக எல்லாம் இருந்தது. சொல்ல வேண்டுமென்றால் அரை மணி நேரமாவது ஆகும். முப்பத்துநான்கு படி ஏறி வந்த நெஞ்சில் அவ்வளவு மூச்சு இல்லை. ஒரு சொல்லுக்குத்தான் இருந்தது.

“ஆமாங்க,” என்றாள்.